அழித்ததற்கான சான்று

கொச்சித் துறைமுக அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் நான் செய்த வேலை, காகிதங்களுக்கு ஆயுள் நிர்ணயிப்பது. ஒரு கோப்பு மூன்று வருடம் இருந்தால் போதுமா, பத்து வருடம் இருக்க வேண்டுமா, நிரந்தரமாகவே இருக்க வேண்டுமா என்று பார்த்து, மேலட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஆயுள் முடிந்தவற்றைப் பட்டியல் போட்டு, இரண்டு பேர் கையெழுத்துடன் அழித்ததற்கான சான்று எழுதி, எரிக்க அனுப்புவேன். வெலிங்டன் தீவில் இருந்த என் ரெக்கார்டு அறையிலிருந்து ஒரு தாள்கூட முறை தவறி வெளியே போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. இனி சொல்லப் போவதற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்வு பெற்று நாலாவது வருடம் அது. டிவிடிகளைக் கடைகளில் அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் காலை சென்னையிலிருந்து என் தங்கையின் மகள் ஃபோன் பண்ணினாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக்கூடாது."

"கேளு."

"அம்மா குரல் எப்படி இருக்கும்?"

என் தங்கை இறந்தபோது இந்தப் பெண்ணுக்கு ஒன்றரை வயது. ஏழு நாள் காய்ச்சல், எட்டாம் நாள் இல்லை. குழந்தையை அவள் அப்பா சென்னைக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கே அவருடைய அம்மா வளர்த்தாள். அம்மாவின் முகம் புகைப்படத்தில் இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை.

"என் பையன் அழறான் மாமா. இவனுக்குப் பத்து மாசமாறது. அழறச்சே நானும் என்னென்னமோ சொல்றேன், பாட்டி சொன்னது, டிவியில கேட்டது. எங்கம்மா என்னை என்ன சொல்லி சமாதானம் பண்ணியிருப்பான்னு திடீர்னு தோணித்து. அப்பாகிட்ட கேட்டா எழுந்து உள்ள போயிடறார்."

"கொஞ்சம் கட்டைக் குரல்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. தங்கை வாசலில் செருப்பைக் கழற்றுவது ஞாபகம் இருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே மாடிப்படி இறங்குவது ஞாபகம் இருந்தது. அவள் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. எனக்கே மறந்துபோயிருக்கிறது என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது.

அப்போதுதான் கேசட் நினைவுக்கு வந்தது. இந்தப் பெண்ணின் முதல் பிறந்தநாளை மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் கொண்டாடினோம். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் தோளில் பெரிய கேமராவும் உதவிக்கு ஒரு விளக்குமாக வந்து வீடியோ எடுத்தார். ஆறு மாதத்தில் தங்கை போய்விட்டாள். கேசட்டை அவள் புருஷன் என்னிடம் கொடுத்து, "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். நான் எண் போட்டு, "நிரந்தரம்" என்று எழுதி, இரும்பு அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

"டிவிடியாகப் பண்ணித் தரேன். இந்த மாசக் கடைசியில குழந்தையோட வா" என்றேன். ஃபோனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஸ்டுடியோக்காரர் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தார். கல்யாணங்களுக்குப் போவதை விட்டுவிட்டு பாஸ்போர்ட் படமும் ஜெராக்ஸுமாக இருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அவர் பேசுவது மலையாளம். கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

கேசட்டை வாங்கி, மூடியைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுருட்டிய நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பூசணம். கொச்சி மழையில் பூட்டிய அலமாரிக்குள் எது வைத்தாலும் இதுதான் கதி.

"ஸ்வாமி, இது ஒரு தடவை ஓடும். ஒரே ஒரு தடவை. ரெண்டாவது தடவைக்கு நான் பொறுப்பில்லை. இங்கே வெச்சுட்டுப் போங்க. நான் துடைச்சு, காப்பி எடுத்துத் தரேன்."

"அசலை வெளியே கொடுக்கறதில்லை" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாடாவின் மேல் பூசணத்தை ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பாலிதீன் உறையில் சுற்றி வைத்திருந்த பழைய விசிஆரைத் தூக்கிக் கொடுத்தார். "கொண்டு போங்க. ஆனா சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

வீட்டில் என் மனைவியும் அதையேதான் கேட்டாள். "அந்த மனுஷன் இதே தொழிலாக்கும் ஆயுசு பூரா பண்ணிண்டிருக்கார். அவர்கிட்டயே குடுத்தா என்ன?"

"அசல் பிரிவை விட்டு வெளியே போகக்கூடாது."

"எந்தப் பிரிவு? இது அலமாரியாக்கும்."

டிவிடி தயாரிக்கும் மென்பொருளோடு ஒரு கையேடு வந்தது. அச்சடித்துப் படித்தேன். மொத்தப் படமும் எப்படிக் கணினிக்குள் வருகிறது, எப்படித் துண்டாக்குவது, முகப்புப் பக்கம் எப்படி அமைப்பது, எப்படி வட்டில் எழுதுவது என்று நாலு அத்தியாயம். நாலுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எடுத்தேன். ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு கட்டம் வரைந்தேன், செய்து முடித்ததும் டிக் போட. மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "குளிக்கறதுக்கும் இப்படி ஒண்ணு போட்டு வெச்சுக்கோங்கோ. நேத்திக்கு முதுகு தேய்க்கலை."

சிரித்திருப்பேன். ஆனால் ஒரே தடவை என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை. நான் அறிந்த எந்தத் தாளும் ஒருமுறை படித்தால் அழிந்துபோகும் தாள் இல்லை. வெறும் காலி கேசட் ஒன்றைப் போட்டு ஆறு தடவை ஒத்திகை பார்த்தேன். கரண்ட் போனால் என்ன செய்வது என்று யுபிஎஸ்ஸைச் சோதித்தேன். மழை விட்டு ஒரு நாள் வெயில் அடிக்கும்வரை காத்திருந்தேன். உண்மையில் வெயிலுக்காகக் காத்திருக்கவில்லை. தைரியத்துக்காக.

அந்த நாளும் வந்தது. கேசட்டை உள்ளே தள்ளினேன். விசிஆர் ஒரு கிழவனைப் போல இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கணினித் திரையில் எங்கள் கூடம் வந்தது, இப்போது இல்லாத ஒரு பச்சைச் சுவரோடு. ஆட்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கேமராவைப் பார்த்ததும் விறைத்து நின்றார்கள். தங்கை எல்லா இடத்திலும் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தாள். பேசவில்லை. கூச்சக்காரி. இருபது நிமிடம் போயிற்று. முப்பது போயிற்று. பேசவே மாட்டாளோ என்ற பயம் புதிதாக வந்து சேர்ந்தது.

முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஸ்டுடியோக்காரரின் விளக்கு குழந்தையின் முகத்தில் நேராக விழுந்தது. குழந்தை வீறிட்டது. தங்கை ஓடிவந்து தூக்கி, தோளில் போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்து, "போறும் போறும், அதை அணையுங்கோ. கண்ணு கூசறது குழந்தைக்கு" என்றாள். பிறகு திரும்பிக்கொண்டு, குழந்தையின் காதுக்குள், "பயப்படாதேடி. லைட்டாக்கும். வெறும் லைட்டாக்கும் அது" என்றாள். குழந்தை விசும்பியது. "வெறும் லைட்டு" என்று இன்னொரு தடவை.

அவ்வளவுதான். நாற்பத்தேழு நிமிடத்தில் அவள் குரல் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தது. கட்டைக் குரல்தான். நான் சொன்னது சரி. வாசற்படியில் நின்ற மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

படம் முழுவதும் கணினிக்குள் வந்துவிட்டது. பத்து ஜிபி. டிக் போட்டேன். இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் என் குறிப்பில் அடுத்த கட்டம் இருந்தது: நகலை அசலோடு ஒப்பிடுக. முப்பத்து மூன்று வருடமாக ஒப்பிடாத நகலை நான் நகல் என்று ஏற்றதில்லை. முதல் இரண்டு நிமிடம் மட்டும் என்று சொல்லிக்கொண்டு கேசட்டைப் பின்னால் சுற்றவிட்டேன். பாதியில் விசிஆர் சுற்றுவதை நிறுத்தி, கீச்சென்று கத்தியது.

மூடியைத் திறந்து பார்த்தபோது நாடா உள்ளே கசங்கிச் சுருண்டு கிடந்தது. மெல்ல இழுத்தேன். அறுந்து கையோடு வந்தது. பல இடத்தில் நாடா கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. என் விரல்களில் பழுப்புத் தூள். படமும் குரலும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன என்று கையேடு சொல்லியிருந்தது. என் விரலில் இருப்பது எந்த நிமிடம் என்று தெரியவில்லை. கை கழுவவும் பயமாக இருந்தது. ஒரு காகிதத்தில் தட்டி மடித்து வைத்துவிட்டு, பிறகுதான் கழுவினேன்.

இருந்தாலும் நகல் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த மூன்று நாள் டிவிடியை அமைத்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். படத்தை ஏழு அத்தியாயமாகப் பிரித்தேன். முகப்புப் பக்கத்தில் தலைப்பு. கீழே ஏழு சின்னப் படங்கள், எதை அழுத்தினாலும் அந்த அத்தியாயம் ஓடும். தலைப்பை மனைவிக்குக் காட்டினேன்.

"'பொருள்: முதல் பிறந்தநாள் விழா, தொடர்பாக'வா?" என்றாள். "பெறுநர் யாருன்னு போடலையே?"

மாற்றினேன். ஐந்தாம் அத்தியாயத்தின் சின்னப் படத்தில் தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றாள். வேலையை எல்லாம் திட்டக் கோப்பு என்ற ஒன்றில் சேமித்தேன். அதைப் பென் டிரைவில் ஒரு நகல், இன்னொரு பென் டிரைவில் இன்னொரு நகல். இரண்டையும் இரண்டு அலமாரியில் வைத்தேன்.

தங்கை மகள் வர நாலு நாள் இருந்தது. முற்பகல் பதினோரு மணிக்கு வட்டில் எழுதும் பொத்தானை அழுத்தினேன். தன் டிஸ்க்கில் இடம் போதாது என்று கணினி சொன்னது.

இடம் போதாது என்ற புகாரைக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். ரெக்கார்டு அறையில் எப்போதும் இடம் போதாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடு, நிரந்தரம் எது, தற்காலிகம் எது என்று பிரி, தற்காலிகத்தை அழி. கணினிக்குள் இருந்தவற்றைப் பட்டியல் எடுத்தேன். எல்லாவற்றிலும் பெரிதாக, பத்து ஜிபிக்கு ஒன்று கிடந்தது. அது இருந்த ஃபோல்டரின் பெயர், "தற்காலிகம்". மென்பொருளே வைத்த பெயர். நான் வைத்ததில்லை.

படம்தான் திட்டக் கோப்புக்குள் போய்விட்டதே. இரண்டு நகலும் இரண்டு அலமாரியில் இருக்கின்றனவே. இது வேலைக்காக எடுத்த கச்சாப் பிரதி.

முறைப்படி சான்று எழுதினேன். "மேற்கண்ட இனம் தற்காலிக வகை. இதன் உள்ளடக்கம் வேறு இரண்டு இடங்களில் பத்திரமாக உள்ளது எனச் சரிபார்க்கப்பட்டது. ஆகவே எங்கள் முன்னிலையில் அழிக்கப்பட்டது." இரண்டாவது கையெழுத்துக்கு மனைவியைக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"என்னவாக்கும் இது?"

"படிச்சுப் பார்த்துட்டுப் போடு."

"சாம்பார் கொதிக்கறது. காட்டுங்கோ, எங்க போடணும்?"

போட்டாள். நான் அழித்தேன். குப்பைத்தொட்டி என்று கணினியில் ஒன்று இருக்கிறது, அழித்தது முதலில் அங்கே போய் விழும். அதையும் காலி செய்தேன். அழித்த காகிதத்தை வராந்தாவில் போட்டு வைக்கிற அலுவலகங்களைக் கண்டால் எனக்கு ஆகாது. "இதைத் திரும்பப் பெற முடியாது. உறுதிதானா?" என்று கேட்டது. உறுதிதான் என்றேன்.

பிறகு திட்டக் கோப்பைத் திறந்தேன்.

முகப்பு வந்தது. தலைப்பு வந்தது. ஏழு சின்னப் படங்களும் வந்தன. ஐந்தாவதில் தங்கை திரும்பி நின்றாள். அவளை அழுத்தினேன். திரை கறுத்து, நடுவில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி வந்தது. "மூலப் படம் கிடைக்கவில்லை. அது இருக்கும் இடத்தைக் காட்டவும்."

மற்ற ஆறையும் அழுத்தினேன். ஆறிலும் சிவப்புக் குறி. பென் டிரைவில் இருந்ததைத் திறந்தேன். அதே. இன்னொன்று. அதே. அப்போதுதான் அந்தக் கோப்பின் அளவைப் பார்த்தேன். நாற்பது கேபி. ஒரு விடுப்பு விண்ணப்பம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்.

என் குறிப்பை எடுத்துப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில், என் கையெழுத்திலேயே இருந்தது: "திட்டக் கோப்பில் படம் இராது. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும்." எதிரே டிக் போட்டிருந்தேன்.

பட்டியலை மட்டும் அனுப்பிவிட்டுக் கோப்பு அனுப்பியதாகச் சொல்லும் குமாஸ்தாக்களை நான் எத்தனை பேர் எதிரில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். இரண்டு அலமாரியில் நான் பூட்டி வைத்திருந்தது பட்டியலின் நகல்.

மூளை ஓடவில்லை, கை ஓடியது. மென்பொருளில்தான் கோளாறு, மறுபடி நிறுவினால் சரியாகிவிடும் என்று தோன்றி, அதன் வட்டைப் போட்டு முதலிலிருந்து நிறுவினேன். முடிந்ததும் திறந்தேன். சிவப்புக் குறி.

"சாப்பிட வரேளா?" என்று மனைவி கூப்பிட்டாள். அவள் வந்து திரையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மேசையில் கிடந்த சான்றை எடுத்து, இந்தத் தடவை முழுசாகப் படித்தாள்.

"இது நான் கையெழுத்துப் போட்டதோ?"

"ஆமாம்."

"கேசட்டு?"

தலையை ஆட்டினேன்.

"ஐயோ" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கேலி எல்லாம் போய்விட்டது. "அந்தக் குழந்தைகிட்ட நாம என்ன சொல்லுவோம்?" குழந்தை என்று அவள் சொன்னது அந்த முப்பது வயதுப் பெண்ணை.

அறுந்த நாடாவை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஸ்டுடியோக்காரரிடம் நடந்தேன். வெயில் கொளுத்தியது. சாலையில் எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர் "என்ன ஸ்வாமி, சுகமில்லையா?" என்றார். ஆம் என்றேனா இல்லை என்றேனா, நினைவில்லை.

ஸ்டுடியோக்காரர் நாடாவைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். "இதிலே ஒண்ணும் இல்லை. உதிர்ந்துபோச்சு. வெறும் பிளாஸ்டிக்." ரெண்டாவது தடவை ஓட்டினீங்களா என்று கேட்கவில்லை. அது பெருந்தன்மை. கணினியில் நடந்ததைச் சொன்னேன். அப்போது கத்தினார்.

"அழிச்சது எப்போ?"

"ரெண்டு மணி நேரம் முன்னாடி."

"மெஷின் ஓடிக்கிட்டு இருக்கா?"

"இருக்கு."

"முதல்ல போய் அதை அணைங்க ஸ்வாமி! அழிச்சா உடனே போயிடாது. பேர்தான் போகும். சரக்கு அங்கேயே கிடக்கும், வேற ஒண்ணு வந்து அது மேலே உட்கார்ற வரைக்கும். அழிச்சப்புறம் எதையாவது எழுதினீங்களா அதிலே?"

நான் காலிப் பையை மடித்தேன்.

"ஸ்வாமி?"

"மென்பொருளை மறுபடி நிறுவினேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு அது புரிந்தது, அவர் நினைத்ததைவிட நன்றாக. பதிவேட்டில் பெயரை அடித்தாகிவிட்டது. ஆனால் கட்டு இன்னும் ரேக்கில் இருக்கிறது. காலி என்று நினைத்து யார் வேண்டுமானாலும் அதன் மேல் இன்னொரு கட்டை வைக்கலாம். அந்த யாரோ இதோ ஓடிக்கொண்டிருக்கும் கணினிதான், அது எந்த நிமிடமும் எதையாவது எழுதும். ஆட்டோவில் வீட்டுக்குப் போய், மனைவி "என்ன, என்ன" என்று கேட்கக் கேட்க, கணினியை அணைத்தேன். எந்த முறையும் பார்க்காமல் வயரைப் பிடுங்கினேன். என் வாழ்க்கையில் முறையில்லாமல் நான் செய்த முதல் காரியம் அது.

அழிந்ததைத் தேடி எடுக்க ஒரு மென்பொருள் இருக்கிறது, ஆனால் எடுத்ததை வேறொரு டிஸ்க்கில்தான் எழுத வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லியிருந்தார். அந்த டிஸ்க்குக்காக மறுநாள் இடப்பள்ளிக்குப் போனேன். பஸ் இடப்பள்ளியை நெருங்கும்போது வல்லார்பாடம் சரக்கு முனையத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பெட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு முத்திரை, ஒரு காகிதம் இருக்கும். ஒன்றும் தொலையாது. நான் அரை மணி நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கையின் குரலை மறுபடி நினைவில் கொண்டுவரப் பார்த்தேன். நாலு நாளுக்கு முன்புதான் கேட்டது. சொற்கள் வந்தன. குரல் வரவில்லை. இரண்டாவது முறையாக மறந்துகொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஸ்டுடியோக்காரர் கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பிறந்தநாளன்று கேமராவோடு வந்தபோது உட்கார்ந்த அதே மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நான் என் குறிப்பு நோட்டைத் திறந்தேன். "அதை மூடுங்க" என்றார். மூடினேன்.

தேடல் ஓட ஆரம்பித்தது. திரையில் ஒரு கோடு மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தது. மனைவி சாயா கொடுத்தாள். அவர் குடித்தார், நான் குடிக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து ஒரு பட்டியல் வந்தது. பெயர்கள் இல்லை, வெறும் எண்கள். அதில் ஒன்று எட்டரை ஜிபி.

"இதாக இருக்கும்" என்றார். "முழுசா இல்லை. ஒன்றரை ஜிபி போயிடுச்சு."

"எது போச்சு?"

"ஓட்டிப் பார்த்தாதான் தெரியும்."

ஓட்டினார். முதல் ஏழு நிமிடம் இல்லை. பிறகு ஆட்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள். பழைய கணக்கில் முப்பதாவது நிமிடம் வரை சரியாக இருந்தது. பிறகு படத்தில் பச்சைச் சதுரங்கள் விழ ஆரம்பித்தன. ஒருவரின் தோள், இன்னொருவரின் இலை, சுவர், எல்லாம் துண்டு துண்டாக இடம் மாறின. முப்பத்து நாலு. திரையில் பாதி உறைந்துவிட்டது. மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், வலித்தது. முப்பத்தைந்து. தங்கை இல்லை. அவள் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையும் சாம்பலுமாகச் சதுரங்கள். என்னுடைய மென்பொருள் அவள் முகத்தின் மேல்தான் போய் உட்கார்ந்திருந்தது.

குழந்தை வீறிட்டது.

சதுரங்களுக்குப் பின்னாலிருந்து, "போறும் போறும், அதை அணையுங்கோ" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. "வெறும் லைட்டு" என்பது வரை வந்தது. இடையில் ஒரு இடத்தில் கரகரத்தது, அவ்வளவுதான். ஸ்டுடியோக்காரர் காலிக் கோப்பையைக் கீழே வைத்தார். "என்னைத்தான் திட்டறாங்க" என்றார். "அன்னிக்கு அணைக்காம இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கணும்."

டிவிடி எழுதினேன். ஐந்து வட்டு. ஒவ்வொன்றையும் வேறொரு பிளேயரில் முழுசாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் உறையில் போட்டேன். எழுதிய ஃபைல், மீட்ட ஃபைல் இவற்றின் விவரத் தாள்கள், குறிப்பு, கேசட்டின் பழைய அட்டை, பழுப்புத் தூள் மடித்த காகிதம், எல்லாவற்றுக்கும் வரிசை எண் போட்டு ஒரு கோப்பாகத் தைத்தேன். பதினொன்றாம் தாள், அழித்ததற்கான சான்று.

"அதைக் கிழிச்சுப் போடுங்கோ" என்றாள் மனைவி. "குரல் கிடைச்சாச்சே. அது எதுக்காக்கும் அவ கண்ணுல படணும்?"

"கோப்பிலிருந்து தாளை உருவக்கூடாது."

"அது முறையா, இல்லை உங்களுக்குப் பயமா?"

எதற்குப் பயம் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது. அந்தத் தாள் இல்லாவிட்டால், முகம் ஏன் சதுரமாக இருக்கிறது என்று தங்கை மகள் கேட்கும்போது பழைய கேசட், பூசணம், கொச்சி மழை என்று சொல்லிவிடுவேன். நம்புவாள். சாகும்வரை அதை நான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். உருவவில்லை.

தங்கை மகள் வந்தாள். குழந்தை அவளைப் போலவே இருந்தது. பயணக் களைப்பில் சிணுங்கிக்கொண்டே இருந்தது. டிவியில் டிவிடியைப் போட்டேன். முகப்புப் பக்கம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நேராக ஓடும்.

சதுரங்கள் வந்ததும் அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அம்மா பேசினாள். முடிந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கம்பளத்தைப் பார்த்தேன்.

"மாமா" என்றாள். "அம்மா மலையாளம் மாதிரின்னா பேசறா!"

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நிமிர்ந்து பார்த்தேன். இரண்டும்தான். "இத்தனை வருஷமா என் மனசுல அம்மா பாட்டி மாதிரி பேசிண்டிருந்தா. மெட்ராஸ் தமிழ். இது யாரு? லைட்டாக்கும்!" குழந்தையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, "டேய், லைட்டாக்கும்டா. வெறும் லைட்டாக்கும்" என்றாள். உச்சரிப்பு சரியில்லை. குழந்தை அவள் வாயையே பார்த்தது.

"ஏன் மாமா, படம் இப்படி இருக்கு?"

நான் கோப்பை எடுத்துக் கொடுத்தேன். பதினொன்றாம் தாள் என்றேன். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. மனைவி அடுப்படி வாசலில் நின்றுகொண்டாள்.

அவள் நின்று நிதானமாகப் படித்தாள். என் முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனையோ தணிக்கை பார்த்திருக்கிறேன். ஒருவரும் இவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை. தாளின் கடைசிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"மாமி, நீங்களுமா கையெழுத்துப் போட்டேள்?"

"சாம்பார் கொதிச்சிண்டிருந்தது" என்றாள் மனைவி, அழுகிற குரலில்.

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். "பேசறச்சே முகம் இதுல இருந்ததா மாமா? நன்னா தெரிஞ்சதா?"

"தெரிஞ்சது. நாங்க ரெண்டு பேரும் ஒரு தடவை பார்த்தோம்."

"எப்படி இருந்தா?"

"உன்னைத் தோள்ல போட்டுண்டு திரும்பி நின்னா. முதுகுதான் ஜாஸ்தி தெரிஞ்சது. வலது கையால உன் கண்ணை மூடிண்டிருந்தா, வெளிச்சம் படாம."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். என்னை மன்னித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு கோப்பை மூடிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இன்னொரு தடவை போடுங்கோ" என்றாள்.

டிவிடி எத்தனை தடவை ஓடினாலும் தேயாது. கையேட்டில் இருக்கிறது. இன்னும் நாலு பிரதி அலமாரியில் இருக்கிறது, ஐந்தையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. எல்லாம் தெரியும். ஆனால் ரிமோட்டில் வைத்த கட்டை விரல் அழுத்த மாட்டேன் என்றது. ஒரு தடவை ஓடும், ஒரே ஒரு தடவை என்று யாரோ காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குழந்தை மறுபடி சிணுங்க ஆரம்பித்தது. அவள் ஒரு கையால் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே, இன்னொரு கையால் ரிமோட்டை என் விரல்களிலிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள்.